முடிச்சுச் சாயம் பழகத் தொடங்குவோருக்கு: லஹரியாக் கோடு முதல் சுங்குடிப் புள்ளி வரை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் சுங்குடிச் சேலையை அறியாத வீடு குறைவு. மதுரைப் பக்கம் போய் வரும் உறவினர்கள் ஒன்றிரண்டு எடுத்து வருவார்கள். தீபாவளிச் சந்தையிலும் அந்தப் பெயரைச் சொல்லிப் புள்ளி போட்ட சேலைகள் விற்கப்படுகின்றன. ஆனால் உண்மையான சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் துணியைக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி எடுத்ததால் உண்டாவது என்பதும், அந்த வேலையை வீட்டுப் பின்கட்டில் ஒரு வாளியையும் ஒரு நூற்கண்டையும் வைத்துக்கொண்டே பழகலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. தையலோ ஓவியமோ சாயத் தொழிலோ அறியாத ஒருவர் எங்கே தொடங்கி எந்த வரிசையில் போகலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

தடுப்புச் சாய முறைகள் இந்தியாவில் பல இருந்தாலும் அவற்றின் அடிப்படை ஒன்றே. துணியின் ஒரு பகுதிக்குச் சாயம் போய்ச் சேராதபடி தடுத்துவிட்டு மற்றப் பகுதியை நிறமேற்ற வேண்டும். நூலால் கட்டித் தடுப்பது குஜராத், ராஜஸ்தான் பகுதிகளின் பாந்தனி, ராஜஸ்தானின் லஹரியா, மதுரையின் சுங்குடி ஆகியவற்றின் வழி. களிமண், சுண்ணாம்பு, பிசின் சேர்த்த சேற்றால் தடுப்பது ராஜஸ்தானின் தாபு. மெழுகால் தடுப்பது கோரமண்டல் கரையின் பழைய கலம்காரித் துணிகளிலும், தஞ்சை மராத்திய அரசர்களின் ஆதரவில் நெய்யப்பட்டு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மறைந்துபோன கொடாலி கருப்பூர்ச் சேலைகளிலும் இருந்த வழி. துணியாக நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிச் சாயமேற்றி, பிறகு தறியில் ஏற்றுவது குஜராத்தின் பாட்டன் நகரத்துப் படோலா, தெலங்கானாவின் போச்சம்பள்ளி, ஒடிசாவின் பந்தா ஆகியவற்றின் வழி.

இவற்றுள் கடைசி வகையைப் புதியவர்கள் இப்போதைக்கு விட்டுவிடலாம். தறி இல்லாமல் அதைப் பழக வழியில்லை. தறி இருந்தாலும் கட்டிய நூலில் நிறம் சரியான இடத்தில் வந்து பொருந்துவதற்குப் பல ஆண்டுப் பயிற்சி தேவை. சேறும் மெழுகும் பிறகு பார்க்கலாம். முதலில் லஹரியா, அடுத்து சுங்குடிப் புள்ளி, அதற்கடுத்து இரண்டு மூன்று நிறப் பாந்தனி என்ற வரிசையே புதியவருக்கு நல்லது என்பது என் கருத்து. பழக வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே கேட்பது சாயத்தைப் பற்றித்தான். என்ன நிறம், எந்தக் கடை, எவ்வளவு விலை என்று கேட்பார்களே தவிர நூலைப் பற்றிக் கேட்பவர் அரிது. சாயம் அளந்து கலக்கும் வேலை. எழுதி வைத்த அளவைப் பின்பற்றினால் எவருக்கும் வரும். கட்டுவதைக் கை பழகிக்கொண்டால்தான் உண்டு. எனவே இந்தக் கட்டுரையிலும் கட்டும் பகுதிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

துணியைத் தேர்ந்தெடுத்தலும் கஞ்சி நீக்குதலும்

மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி வேண்டும். மல், வாயில் என்ற பெயர்களில் ஈப்போ லிட்டல் இந்தியாவின் துணிக்கடைகளில் கேட்டுப் பாருங்கள். சேலைக்கு உள்பாவாடை தைக்கும் தடித்த துணி வேண்டாம், ஏனெனில் அதைச் சிறியதாகக் கிள்ள முடியாது, சுருட்டினால் சாயம் உள்ளே இறங்காது. கடைக்காரர் நூறு விழுக்காடு பருத்தி என்று சொன்னாலும் ஒரு சோதனை செய்துவிடுவது நல்லது. துணியின் ஓரத்திலிருந்து நான்கைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, வீட்டுக்கு வெளியே நின்று பற்ற வையுங்கள். காகிதம் எரியும் வாடை வந்து மென்மையான சாம்பல் விழுந்தால் அது பருத்தி. உருகிச் சுருண்டு கெட்டியான மணிபோல உறைந்தால் அதில் பாலியெஸ்டர் இருக்கிறது, அந்தத் துணியில் நாம் பயன்படுத்தப்போகும் சாயம் பிடிக்காது.

புதுத் துணியில் கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் இருக்கும். 100 கிராம் துணிக்கு 3 லிட்டர் தண்ணீர், 5 கிராம் சலவைச் சோடா, சில துளி பாத்திரம் கழுவும் சோப்பு என்ற அளவில் எடுத்து அரை மணி நேரம் கொதிக்க வைத்து, பிறகு நன்றாக அலசி உலர்த்துங்கள். உலர்ந்த துணியின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது உடனே பரவி மறைய வேண்டும். சொட்டு ஒரு கணமாவது உருண்டையாக நின்றால் இன்னொரு முறை கொதிக்க வைக்க வேண்டும். இந்த வேலை அலுப்பாகத் தோன்றினாலும், திட்டுத் திட்டாகச் சாயம் பிடித்த துணிகளில் பெரும்பாலானவற்றின் குறை இங்கேதான் தொடங்குகிறது.

கஞ்சி நீக்கிய துணியைச் சமையல் தராசில் உலர்ந்த நிலையில் நிறுத்து, எடையைக் குறித்து வையுங்கள். பின்னால் வரும் எல்லா அளவுகளும் அந்த எடையைச் சார்ந்தவை.

முதல் பாடம்: லஹரியா

லஹரியா ராஜஸ்தானில் தலைப்பாகைக்கும் சேலைக்கும் போடும் சாய்கோட்டு வேலை. அங்கே மழைக்காலத்தில், குறிப்பாகச் சாவன் மாதத்தில், பெண்கள் விரும்பி உடுத்துவது. இதைப் புதியவருக்கு முதல் பாடமாகச் சொல்வதற்குக் காரணம், கட்டின் இறுக்கத்தை இது உடனே காட்டிக்கொடுத்துவிடும் என்பதுதான். கட்டு தளர்ந்த இடத்தில் கோடு மங்கும், இறுகிய இடத்தில் கூர்மையாக நிற்கும். புள்ளி போடும்போது இதே பிழை நூறு இடங்களில் சிதறி நிற்பதால் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஒரு மீட்டர் சதுரத் துணியை நனைத்துப் பிழிந்து, சுத்தமான தரையிலோ மேசையிலோ விரியுங்கள். ஒரு மூலையைப் பிடித்து எதிர் மூலையை நோக்கிக் குறுக்காகச் சுருட்டிக்கொண்டே போங்கள். சுருட்டல் முடிந்ததும் துணி ஒரு நீண்ட கயிறாகிவிடும். அந்தக் கயிற்றைத் தளராமல், ஆனால் முறுக்காமல் பிடிக்க வேண்டும். முறுக்கினால் கோடு உடையும். இன்னொருவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டால் வேலை எளிது. தனியாகச் செய்பவர் முனையை ஜன்னல் கம்பியில் கட்டிக்கொள்ளலாம்.

இனி இரண்டு அங்குலத்துக்கு ஓர் இடம் என்று குறித்துக்கொண்டு, ஒவ்வொரு குறியிலும் பருத்தி நூலால் அரை அங்குல அகலத்துக்கு நெருக்கமாகச் சுற்றுங்கள். எத்தனை சுற்று என்பது முக்கியமில்லை. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றை ஒட்டி நிற்க வேண்டும், நூலை இழுக்கும் கையின் பலம் தொடக்கம் முதல் முடிவு வரை மாறக்கூடாது. சுற்றி முடித்த இடத்தை நகத்தால் தள்ளிப் பாருங்கள்; நூல் நகர்ந்தால் அது கட்டாகாது. பருத்தி நூலைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது நனையும்போது பருத்துத் துணியை மேலும் இறுக்கும். ரப்பர் வளையம் போட்டால் வேலை விரைவில் முடிந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் அது பெரிய வட்டங்களுக்குத் தவிர வேறெதற்கும் உதவாது. பால்மரம் வளர்த்த ஊரில் இருந்துகொண்டு ரப்பர் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

சாயமிட்டு அவிழ்த்தால் துணியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சாய்ந்த வெள்ளைக் கோடுகள் ஓடும். அதே துணியைப் பக்கத்து மூலையிலிருந்து மீண்டும் சுருட்டிக் கட்டி, முதல் நிறத்தைவிட அடர்ந்த நிறத்தில் சாயமிட்டால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக் கட்டங்களாகும். அதை மோத்ரா என்பார்கள். மோத்ராவை ஒரு கைக்குட்டை அளவிலாவது செய்து பார்த்த பிறகே புள்ளிக்குப் போகச் சொல்வேன்.

சாயத் தொட்டி

பருத்திக்கு இன்று எளிதாகவும் உறுதியாகவும் பிடிக்கும் சாயங்கள், நூலிழையோடு வேதிமுறையில் பிணைந்துகொள்ளும் ரியாக்டிவ் சாயங்கள். இந்த விஷயத்தில் மலேசியாவில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. இங்குள்ள பாத்தேக் தொழிலுக்கு இதே வகைச் சாயம்தான் தேவை என்பதால், பாத்தேக் பொருள் விற்பவர்களிடம் ரெமசோல் என்ற பெயரில் தூள் சாயம் சிறு பொட்டலங்களாகக் கிடைக்கும். வாங்கும்போது அது ரெமசோலா அல்லது குளிர்ந்த நீரில் வேலை செய்யும் புரோசியன் எம்எக்ஸ் வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புரோசியன் எம்எக்ஸ் நம் ஊரின் சாதாரண வெப்பத்திலேயே பிடித்துவிடும். ரெமசோல் தொட்டிக்கு நீரை ஏறத்தாழ 60 பாகை செல்சியஸில் வைத்திருக்க வேண்டும்.

100 கிராம் உலர்ந்த துணிக்கு 2 லிட்டர் தண்ணீர், 2 கிராம் சாயம், 100 கிராம் உப்பு, 20 கிராம் சோடா ஆஷ் என்பது நடுத்தர நிறத்துக்கான அளவு. அடர்த்தி வேண்டுமானால் சாயத்தை 4 கிராமாக உயர்த்தலாம். கறுப்புக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். சோடா ஆஷ் என்பது சமையலறையில் இருக்கும் அப்பச் சோடா இல்லை. அப்பச் சோடாவின் காரத்தன்மை இந்த வேலைக்குப் போதாது. அதைப் போட்டுவிட்டுச் சாயம் மோசம் என்று கடைக்காரரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பாத்தேக் கடையில் கிடைக்காவிட்டால் நீச்சல் குளத்துப் பொருள்கள் விற்கும் கடையில் சோடா ஆஷ் கிடைக்கும்.

வேலையின் வரிசை இப்படி. கட்டிய துணியை முதலில் வெறும் தண்ணீரில் கால் மணி நேரம் ஊற வையுங்கள். நூல் பருத்துக் கட்டு இறுகட்டும். சாயத் தூளைச் சிறிது வெதுவெதுப்பான நீரில் கட்டியில்லாமல் குழைத்துத் தொட்டியில் ஊற்றி, உப்பையும் கரைத்துவிடுங்கள். துணியை உள்ளே இட்டு, கட்டுகள் ஒன்றோடொன்று அமுங்காதபடி 15 நிமிடம் மெல்லப் புரட்டிக்கொண்டிருங்கள். உப்பின் வேலை சாயத்தை நீரிலிருந்து துணியை நோக்கித் தள்ளுவது. பிறகு துணியை வெளியே எடுத்துவிட்டு, தனியாகச் சூடான நீரில் கரைத்து வைத்த சோடா ஆஷைத் தொட்டியில் ஊற்றிக் கலக்கி, துணியைத் திரும்ப இடுங்கள். துணி உள்ளே இருக்கும்போதே சோடாவை அதன்மேல் கொட்டினால் அந்த இடத்தில் மட்டும் நிறம் கெட்டியாகப் பிடித்துக் கறைபோல நிற்கும். சோடா சேர்ந்த பிறகு 40 நிமிடம் போதும். வெறும் துணியாக இருந்தால் ஒரு மணி நேரம் விடலாம், ஆனால் கட்டிய துணியை அதிக நேரம் ஊறவிட்டால் சாயம் நூலுக்கு அடியில் மெல்ல ஊர்ந்து புகுந்துவிடும்.

சோடா சேர்த்த சாயத்தை மறுநாளைக்கு எடுத்து வைக்க முடியாது. துணியோடு பிணைய வேண்டிய சாயம் சில மணி நேரத்தில் தண்ணீரோடு பிணைந்து வலுவிழந்துவிடும்; பார்க்க நிறம் அப்படியே இருக்கும், துணியில் மட்டும் நிற்காது. தூள் சாயத்துக்கும் நம் ஊரின் ஈரக்காற்று பகையே. வாங்கியதும் இறுக்கமான மூடியுள்ள பாட்டிலுக்கு மாற்றி, வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டுங்கள்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். தோட்டத்து வீடுகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பயன்படுத்துபவர்கள், வாளியின் அடியில் துருநிறப் படிவு தங்குகிறதா என்று பாருங்கள். தங்கினால் அதில் இரும்பு இருக்கிறது. மஞ்சளும் சிவப்பும் அந்த நீரில் மங்கிவிடும். குழாய் நீரோ பிடித்து வைத்த மழைநீரோ அதற்கு மேல்.

தூள் சாயத்தைக் கையாளும்போது மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் கட்டாயம், ஏனெனில் அந்தத் தூளைத் தொடர்ந்து மூச்சில் இழுப்பவர்களுக்கு ஒவ்வாமையும் இளைப்பும் வரலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு அளவிடுங்கள். கைக்கு ரப்பர் உறை வேண்டும். சாயத்துக்கு எடுத்த வாளி, கரண்டி, தராசுத் தட்டு எதுவும் மறுபடி சமையலறைக்குள் போகக்கூடாது. மிச்ச நீரில் உப்பும் காரமும் இருப்பதால் அதைச் செடிகளுக்கு ஊற்ற வேண்டாம்.

அலசுதலும் அவிழ்த்தலும்

தொட்டியிலிருந்து எடுத்த துணியை உடனே அவிழ்த்துப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அவிழ்க்காதீர்கள். கட்டியபடியே குளிர்ந்த நீரில், நீர் ஏறக்குறையத் தெளியும் வரை மாற்றி மாற்றி அலச வேண்டும். பிணையாத சாயம் அப்போது துணியில் நிறைய இருக்கும். அவிழ்த்துவிட்டால் அது வெள்ளைப் பகுதிக்கு ஓடிவிடும். அலசியதைப் பிழிந்து, கட்டுகளோடு கொடியில் போட்டு முக்கால்வாசி உலரவிடுங்கள். பிற்பகல் மழையை நம்ப முடியாத ஊர் இது என்பதால் காலையில் சாயமிட்டு, கூரைக்கு அடியில் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுவதே வழக்கமாகட்டும். நாள்கணக்கில் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

லஹரியாக் கட்டின் நூலைக் கத்தரியின் நுனியால் மிகக் கவனமாக வெட்டலாம். புள்ளிக் கட்டுக்குக் கத்தரி ஆகாது. அதை அவிழ்க்கும் முறை வேறு, அதைக் கீழே சொல்கிறேன். எல்லாம் அவிழ்ந்த பிறகு கை பொறுக்காத சூட்டிலுள்ள நீரில் சிறிது சோப்புச் சேர்த்துக் குச்சியால் புரட்டி, மீண்டும் அலசுங்கள். குளிர்ந்த நீர் எவ்வளவு அலசினாலும் எடுக்காத மிச்சச் சாயத்தைச் சூடான நீர் எடுத்துவிடும்.

சுங்குடிப் புள்ளி

மதுரையில் சுங்குடி வேலையை வளர்த்தவர்கள் சௌராஷ்டிர மக்கள். மேற்கிந்தியாவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் இடம்பெயர்ந்து, நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைகொண்ட நெசவுச் சமூகம் அது. குஜராத்தின் பாந்தனிக்கும் மதுரையின் சுங்குடிக்கும் கைமுறை ஏறத்தாழ ஒன்றாக இருப்பது அதனால்தான். 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்றைக்குச் சுங்குடி என்று விற்பனையாகும் சேலைகளில் பெரும்பகுதி மெழுகு அச்சிலோ வேறு அச்சு முறையிலோ வருவது. கட்டிப் போடும் கைகள் குறைந்துவிட்டன.

தொடக்கத்துக்கு 40 சென்டிமீட்டர் சதுரத் துணி போதும். புள்ளிகளுக்கான இடத்தைக் குறிக்க வேண்டும். காவிக்கல்லைப் பொடித்து நீரில் கரைத்து ஈர்க்குச்சியால் தொட்டு வைத்தால் பிறகு கழுவும்போது போய்விடும். பால்பாயிண்ட் பேனா போகாது. குறிப்பதற்குக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி இரண்டும் இங்கே அப்படியே பயன்படும். புதியவர் 2 சென்டிமீட்டர் இடைவெளியில் நேர்ப்புள்ளி வைத்து ஆரம்பிக்கட்டும். வடக்கே தனிப்புள்ளியை ஏக்டாலி என்றும், மூன்று புள்ளிக் கொத்தைத் திரிகுண்டி என்றும், நான்கு புள்ளிக் கொத்தைச் சௌபந்தி என்றும் சொல்கிறார்கள். யானை, மயில், கொடி எல்லாம் இந்தக் கொத்துகளை வரிசையாக அடுக்கி வரைவதுதான்.

இனிக் கட்டுவது. துணி இலேசாக ஈரமாக இருக்க வேண்டும். குறியிட்ட இடத்துக்கு அடியிலிருந்து ஒரு கூர்மையில்லாத முனையால் துணியைச் சிறு கூம்பாக உயர்த்துங்கள். குஜராத்தில் இதற்காகச் சுண்டுவிரல் நகத்தை வளர்த்துக்கொள்வோரும் உண்டு, கூரிய முனையுள்ள உலோக வளையத்தை விரலில் மாட்டிக்கொள்வோரும் உண்டு. புதியவருக்கு மையில்லாத பால்பாயிண்ட் பேனாவின் முனை போதும். உயர்ந்த கூம்பை இடக்கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பற்றி, நுனி ஓர் அரிசி அளவுக்கு மேலே தெரியும்படி வைத்துக்கொண்டு, அதன் கழுத்தில் மெல்லிய பருத்தி நூலை ஐந்தாறு சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். கடைசிச் சுற்றில் நூலை ஒரு கண்ணியாக்கிக் கூம்பின் தலைவழியாகப் போட்டு இழுத்தால் கட்டு நின்றுவிடும். முடிச்சுப் போடாதீர்கள், நூலையும் வெட்டாதீர்கள். அதே நூல் அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும்.

நூல் தொடர்ந்து ஓடுவதில்தான் இந்த வேலையின் நயமெல்லாம் இருக்கிறது. புள்ளிக்குப் புள்ளி முடிச்சிட்டு வெட்டினால் நேரம் இரட்டிப்பாகும், அவிழ்ப்பதற்கும் ஒவ்வொன்றாகக் கத்தரியைக் கொண்டுபோக வேண்டியிருக்கும். ஒரு முறை கை தவறினால் துணியில் ஓட்டை. தொடர் நூலாகக் கட்டியிருந்தால், உலர்ந்த துணியை இருவர் இரு பக்கமும் பிடித்துக் குறுக்குவாட்டில் பட்டென்று இழுக்கும்போது கூம்புகள் விரிந்து, நூல் வரிசையாகத் தெறித்துக் கழன்றுவிடும். தேர்ந்த கைவினைஞர்கள் நூலை ஒரு சிறிய கண்ணாடிக் குழலுக்குள் செலுத்திப் பிடித்துக்கொள்வார்கள். நூல் விரலை அறுக்காது, சீராகவும் வரும். குளிர்பான உறிஞ்சுகுழலில் இரண்டு அங்குலம் வெட்டி நூலை அதனுள் விட்டால் நமக்கும் அதே வசதி கிடைக்கும்.

அவிழ்த்த பிறகு கிடைக்கும் புள்ளியைக் கூர்ந்து பாருங்கள். நடுவில் சாயம் பட்ட சிறு பொட்டு, அதைச் சுற்றி வெள்ளை வளையம். நடுப்பொட்டு இல்லாமல் முழு வெள்ளையாக இருந்தால் நுனியையும் சேர்த்துச் சுற்றிவிட்டீர்கள் என்று பொருள். அது குறையில்லை, ஒரு விருப்பம். வளையம் ஒரு பக்கம் மட்டும் திறந்து பிறைபோல இருந்தால் துணியைச் சாய்வாகப் பிடித்திருக்கிறீர்கள். வளையமே மங்கலாக இருந்தால் கட்டு தளர்வு. வளையங்கள் வேறு வேறு அளவில் இருந்தால் கூம்பின் உயரம் மாறியிருக்கிறது. அதற்கு ஒரு பழக்கம் உதவும். கூம்புக்குள் ஒரே அளவான பாசிமணிகளை வைத்துக் கட்டிப் பழகுங்கள், உயரம் தானாகச் சமப்படும். பயறு வைத்தும் கட்டலாம், ஆனால் அது தொட்டியில் ஊறிப் பருத்துக் கட்டைத் தள்ளிவிடும்.

கை ஓரளவு பழகிய பிறகு துணியை நான்காக மடித்து நான்கு அடுக்கையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டலாம். ஒரு புள்ளி கட்டினால் நான்கு புள்ளி கிடைக்கும், கோலமும் நான்கு பக்கமும் ஒத்து நிற்கும். பாந்தனிச் சேலைகளில் இது வழக்கமான முறைதான். மிக மெல்லிய துணிக்குத்தான் இது பொருந்தும்; உள்ளடுக்கில் சாயம் சற்று வெளிறியே பிடிக்கும்.

நிறத்தின்மேல் நிறம்

ஒரே நிறத்தில் புள்ளி சீராக வரத் தொடங்கிய பிறகு பாந்தனியின் நிற அடுக்குக்கு வரலாம். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போக வேண்டும் என்பதே இதன் விதி. வெள்ளையாக நிற்க வேண்டிய புள்ளிகளை முதலில் கட்டி மஞ்சளில் முக்குங்கள். அலசிக் கட்டோடு உலர்த்தி, மஞ்சளாக நிற்க வேண்டிய புள்ளிகளை இப்போது கட்டிச் சிவப்பில் முக்குங்கள். சிவப்பாக நிற்க வேண்டியவற்றைக் கட்டி மூன்றாவதாகக் கருஞ்சிவப்பிலோ கறுப்பிலோ முக்கலாம். எந்தக் கட்டையும் இடையில் அவிழ்க்கக்கூடாது. முடிவில் எல்லாவற்றையும் ஒன்றாக அவிழ்க்கும்போது வெள்ளை, மஞ்சள், சிவப்புப் புள்ளிகள் அடர்ந்த தரையில் நிற்கும். ஒரு நிறத்தின்மேல் ஏறும் அடுத்த நிறம் அதை மறைக்காது, அதோடு கலக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மஞ்சளின்மேல் சிவப்பு இட்டால் ஆரஞ்சு கலந்த சிவப்பு வரும். மஞ்சளின்மேல் நீலம் இட்டால் பச்சைதான் வரும், நீலம் வராது.

கடுக்காய்க் கறுப்பு

இயற்கைச் சாயம் என்றதும் எல்லாரும் மஞ்சள் தூளைத்தான் எடுக்கிறார்கள். அது துணியில் அழகாகப் பிடிக்கும், ஆனால் வெயிலில் சில நாளில் வெளிறிவிடும். பூசை அறையில் வைக்கும் துணிக்கு வேண்டுமானால் சரி. புதியவருக்கு நான் சொல்லும் முதல் இயற்கைச் சாயம் கடுக்காயும் இரும்பும். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்த் தூள் வாங்கி, 100 கிராம் துணிக்கு 20 கிராம் என்ற அளவில் வெந்நீரில் கரைத்து, துணியை ஓர் இரவு ஊறவிட்டு, அலசாமல் பிழிந்து உலர்த்துங்கள். துணி வெளிறிய மஞ்சளாகும். இப்போது புள்ளிகளைக் கட்டுங்கள்.

இரும்பு நீருக்குத் துருப்பிடித்த ஆணி, பழைய இரும்புத் துண்டு, வெல்லம், தண்ணீர் ஆகியவற்றை ஒரு மண்பானையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ போட்டு, துணியால் மூடி, இரண்டு மூன்று வாரம் புளிக்கவிட வேண்டும். கலம்காரிக் கலைஞர்கள் கறுப்புக் கோட்டுக்குப் பயன்படுத்துவது இதே கரைசல்தான். புளித்த நீரை வடிகட்டி, ஐந்து மடங்கு தண்ணீரில் கலந்து, கட்டிய துணியை அதில் முக்கினால் கண்ணெதிரே சாம்பல் நிறமாகிக் கறுக்கத் தொடங்கும். ஐந்து நிமிடம் போதும், உடனே அலசிவிடுங்கள். இரும்பு அதிகமானால் நிறம் கூடுதலாக வரும் என்று நீண்ட நேரம் விட்டால் நாளடைவில் துணியே நைந்துபோகும். கட்டிய இடங்கள் கடுக்காயின் வெளிர்மஞ்சளில் நிற்பதால் இந்தத் துணிக்குச் சந்தைச் சாயத்தில் வராத ஒரு பழமையான தோற்றம் கிடைக்கும். சிவப்பு வேண்டுபவர்கள் கடுக்காய்க்குப் பிறகு படிகாரமும் ஏற்றி, இங்கே மெங்குடு என்று அழைக்கப்படும் நுணா மரத்தின் வேர்ப்பட்டையில் காய்ச்சலாம். ஆனால் அது பொறுமையும் வேரும் நிறைய கேட்கும் வேலை.

சேறும் மெழுகும்

தாபு முறையின் சேறு, களிமண்ணோடு சுண்ணாம்பு, பிசின், உளுத்த கோதுமைத் தூள் சேர்த்துப் பிசைவது. மர அச்சால் துணியில் பதித்து, ஈரமாக இருக்கும்போதே மரத்தூளைத் தூவி வெயிலில் காய வைப்பார்கள். நீலச் சாயம் தரும் அவுரித் தொட்டியில் முக்கி எடுத்தபின் சேறு கழுவப்படும். இதற்கு அவுரியைத் தேர்ந்ததில் நுட்பம் உண்டு. அந்தத் தொட்டி சூடில்லாதது, துணி அதில் சிறிது நேரமே இருக்கும்; கொதிக்கும் சாயத்தில் சேறு கரைந்துவிடும். விட்டுவிட்டு மழை பெய்யும் மாதங்களில் சேறு முழுதாகக் காயாது என்பதால் நல்ல வெயில் காலத்துக்கு இதை ஒத்திவையுங்கள்.

மெழுகு கற்க விரும்புபவர் அருகில் நடக்கும் பாத்தேக் வகுப்பில் சேர்வதே சிறந்தது. உருகிய மெழுகால் கோடு வரையும் சாந்திங் கருவியைப் பிடிக்கப் பழகிய கைக்குக் கோரமண்டல் மெழுகு வேலையும் அந்நியமாக இருக்காது. வீட்டில் செய்தால் மெழுகை நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். சன்னல்கள் திறந்திருக்கட்டும், சிறுவர்கள் அருகில் வேண்டாம். தீப்பிடித்த மெழுகின்மேல் ஒருபோதும் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடியால் மூடுங்கள்.

பார்த்துப் பழகுவதற்கு

படோலாத் துணி இந்தியாவிலிருந்து மலாய் உலகுக்கு வணிகத்தில் வந்து சிண்டாய் என்ற பெயரில் அரண்மனைகளில் மதிக்கப்பட்டது. பட்டில் முடிச்சிட்டுச் சாயமேற்றும் பெலாங்கித் துணியும், சரவாக் ஈபான் மக்கள் நூலைக் கட்டிச் சாயமிட்டு நெய்யும் புவா கும்புவும் இந்நாட்டிலும் உள்ளவை. கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்துக்கு அருகிலுள்ள தேசிய ஜவுளி அருங்காட்சியகத்தில் இத்தகைய துணிகளைக் கண்ணால் பார்க்கலாம். கட்டின் தடயம் எங்கே தெரிகிறது என்று தேடிப் பார்ப்பதே நல்ல பயிற்சி.

கையில் வைத்துப் பார்க்க ஒரு மாதிரி வேண்டுமானால், மதுரைக்கோ குஜராத்துக்கோ போகும் உறவினரிடம் அவிழ்க்காத துண்டு ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள். பாந்தனித் துணி கட்டுகளோடே விற்கப்படுவதுண்டு; கட்டி வந்தது என்பதற்கு அதுவே சான்று. அவிழ்த்தது வந்தால் துணியைத் திருப்பிப் பாருங்கள். அச்சுத் துணியில் புள்ளிகளெல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும், பின்பக்கம் நிறம் வெளிறியிருக்கும். கட்டிய துணியில் புள்ளிக்குப் புள்ளி சிறு வேறுபாடு தெரியும், இருபுறமும் நிறம் ஒத்திருக்கும், கூம்பு நின்ற இடத்தில் துணி இன்னும் சற்றுச் சுருங்கியிருக்கும். அவிழ்க்காத துண்டு கிடைத்தவர்கள் அதில் பாதியை மட்டும் இழுத்து அவிழ்த்து, நூல் எந்த வரிசையில் கழன்று வருகிறது என்று கவனியுங்கள். மறுபாதியைக் கட்டோடே வைத்துக்கொண்டு, உங்கள் கட்டின் உயரத்தையும் சுற்றுகளையும் அதனோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.